நிற்கிற வண்டி

"அம்மிணி, எந்தப் பேட்டரியும் நிக்க மாட்டேங்குது" என்றார் சென்னியப்பன்.

நூர்ஜகான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொள்ளாச்சியில் பேட்டரி வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. வயது முப்பத்தைந்துதான். வாயைத் திறந்தால் தன் சார்ஜ் இறங்கிவிடும் என்று பயந்தவள் போல இருப்பாள். கேள்வியோடு போகிறவர்கள் இன்னொரு கேள்வியோடு திரும்பி வருவார்கள். அதனால் ஊரில் அவளுக்கு டீச்சர் என்று பேர்.

"என்ன வண்டிங்க?"

"மோரிஸ் மைனர். ஐம்பத்தாறு மாடல்."

"இது எத்தனாவது பேட்டரி?"

"மூணாவது. பதினாலு மாசத்துல மூணு."

அவர் சுமந்து வந்த பேட்டரியை மேசைமேல் வைத்து மூடிகளைத் திருகித் திறந்தாள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது.

"சார்ஜ் ஏறாமப் பட்டினி கிடந்திருக்கு" என்றாள்.

"அதெப்படி? தினம் காலைல ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்றேன். ஒரு நாள் தவறினது கிடையாது."

அவர் கேட்காத இடமில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் தண்ணீரே ஊற்ற வேண்டாத ரகத்தை வாங்கச் சொன்னார். இன்னொருவர், லாரி பேட்டரியைப் போட்டுவிடுங்கள், பேரன் காலம் வரைக்கும் வரும் என்றார். பேரன் என்றதும் சென்னியப்பன் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"லாரி பேட்டரி வெச்சா நிக்குமா, அம்மிணி?"

"பெரிசு வெச்சா பெரிசா சாகும்."

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவு என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வண்டி அவர் மகன் கதிரேசனுடையது. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து நாலு வருஷம் மல்லுக்கட்டி ஓட வைத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு எடுப்பான். பதினாலு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தான். பதினோராம் நாள் போய்விட்டான். முப்பது வயது. அநியாயம், வேறென்ன சொல்ல?

"சத்தம் கேட்டாத்தான் தெய்வானை எந்திரிக்கறா" என்றார் சென்னியப்பன். தெய்வானை அவர் மனைவி. "கதிரு கிளம்பிட்டானான்னு கேட்பா. கிளம்பிட்டான்னு சொல்லுவேன். அப்புறம் எந்திரிச்சு அடுப்பு பத்த வெப்பா."

"சாயங்காலம் கேட்க மாட்டாங்களா?"

"சாயங்காலம் கேட்க மாட்டா."

அவர் மேசையில் கிடந்த மூடி ஒன்றை எடுத்து உருட்டினார்.

"வண்டி எடுக்கலைன்னா படுத்தது படுத்தபடிதான். சோறு தண்ணி கிடையாது. இன்னிக்கு மூணாவது நாள். டாக்டரு வந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டாரு. எனக்கு எப்பவும் நிக்கற பேட்டரி ஒண்ணு வேணும், அம்மிணி. எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி."

நூர்ஜகான் கையைத் துடைத்தாள். பாதிச் சார்ஜ் ஏறியிருந்த பேட்டரி ஒன்றைத் தன் மொபெட்டில் வைத்துக் கட்டினாள்.

"வண்டியப் பார்க்கணும்" என்றாள்.

வண்டி அவர் வீட்டு ஷெட்டில் நின்றது. பானெட்டைத் திறந்து பேட்டரியை மாட்டி, முனைகளை முறுக்கினாள். சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்க்கவே பாவமாக இருந்தது.

"இங்க பாரு, அம்மிணி. சிவப்பு லைட் எரியுது. கரண்ட் நல்லா ஏறுது. தினமும் இதப் பார்த்துட்டு, ரெண்டு நிமிஷம் விட்டுத்தான் ஆஃப் பண்ணுவேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"அது எரிஞ்சா இறங்குதுன்னு அர்த்தங்க, ஐயா."

சென்னியப்பன் அந்த விளக்கையே பார்த்தார்.

"நின்ன இடத்துல உறுமிட்டு இருந்தா அந்தக் காலத்து டைனமோ ஒண்ணும் தராது. நீங்க தினம் பேட்டரில இருந்து எடுத்துட்டே இருந்திருக்கீங்க. வண்டி ஓடணும். ஓடினாத்தான் அந்த லைட் அணையும்."

"ஓட்ட முடியாது."

"லைசென்ஸ் இல்லீங்களா?"

அவர் டயலைத் தொட்டுக் காட்டினார். ஓடிய மைல்களைக் காட்டும் எண்கள். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பது வரைக்கும் தெளிவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஆறு பாதி மேலே போயிருந்தது. ஏழு பாதி வந்திருந்தது.

"அவன் கடைசியா ஓட்டி நிறுத்தினது இங்க. கழுவறதுக்குக்கூட நான் இதத் தள்ளினதில்ல."

"நிக்கிற வண்டிக்கு எந்தப் பேட்டரி நிக்கும்னு கேட்டீங்க" என்றாள் நூர்ஜகான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் தெய்வானை நின்றிருந்தாள். மூன்று நாள் சீவாத தலை. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். ஆறு மணிச் சத்தம் பகல் பதினொன்றுக்குக் கேட்டதும் படுக்கையிலிருந்து நேராக வெளியே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, கதிரு கிளம்பிட்டானா?"

கிளம்பிட்டான் என்று சென்னியப்பன் எப்படிச் சொல்வார்? மகனின் சீட்டில் அவர்தானே உட்கார்ந்திருந்தார்.

நூர்ஜகான் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்கம்மா."

தெய்வானை அவளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். யாரோ எப்போதோ கூப்பிட்டிருக்க வேண்டியதைப் போல, மெல்ல வந்து ஏறினாள். நூர்ஜகான் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஓட்டுங்க, ஐயா."

"எண்ணு மாறிடும், அம்மிணி."

"மாறும்."

ரெண்டு தரம் கியர் கடித்தது. மூன்றாம் தரம் விழுந்தது. வண்டி ஷெட்டை விட்டு, கேட்டை விட்டு, தெருவுக்கு வந்தது. வேகம் எடுத்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது ஆறு முழுசாக மறைந்தது.

"ஏழு" என்றாள் தெய்வானை.

சென்னியப்பன் திடுக்கிட்டார். அவளுக்கு இது தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

"கதிரு ஆறும் ஏழும் பாதிப் பாதியாத்தானுங்க விட்டுட்டுப் போனான்?"

"ஆமா."

"நானும் வந்து வந்து பார்த்துக்குவேன். நீங்க குளிக்கப் போனப்புறம்." அவள் ஏழைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிதான் விரலில் பட்டது. "அப்போ அவன் இனி வர மாட்டானுங்களா?"

பதினாலு மாதம் அவர் வாயில் வராத சொல்.

"செத்துட்டான், தெய்வானை."

அவள் அலறினாள். பாலத்தில் போய்க்கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். சென்னியப்பனுக்கு ரோடு தெரியவில்லை. கால் பிரேக்கைத் தேடியது.

"நிறுத்தாதீங்க" என்றாள் நூர்ஜகான், பின்னாலிருந்து. "சார்ஜ் இன்னும் ஏறலை."