பசித்தவர் உண்டோ

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பெருமாளுக்குத் தளிகை படைத்ததும் மடத்துத் தலைவரான ஜீயர் வாசலுக்கு வந்து, "பசித்தவர் உண்டோ?" என்று மூன்று முறை கேட்பார். வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே இலை போடுவார்கள். முதல் ஜீயர் வைத்த வழக்கம்.

பஞ்சம் வந்தது. அதை அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு மணலாய்க் கிடந்தது. மடத்து வாசலில் கூட்டம். தினமும் விடியும்போது சில பேர் எழுந்திருக்கவில்லை.

நெற்களஞ்சியம் ஆராவமுதன் பொறுப்பு. சிஷ்யர்தான், ஆனால் வயதில் ஜீயரைவிட மூத்தவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஸ்வாமி, இன்னைக்கு வாசலுக்கு எழுந்தருள வேண்டாம்."

"ஏன்?"

"நெல் அடியில கிடக்கு. நமக்கு மட்டும்னா அறுப்பு வரைக்கும் வரும். வெளியே போட்டா ஒரு வாரம் தாங்காது. அப்புறம் மடமும் இல்லை, ஆராதனமும் இல்லை. அடியேன் பொண்ணு வேற உள்ளே இருக்கா."

ஜீயர் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனார். பழைய ஜீயர்களைப் புதைத்த இடம். ஒவ்வொரு மேடையிலும் விளக்கு எரிந்தது. ஒன்றில் மட்டும் இல்லை.

"இது யார் ஸ்வாமி?"

"நாலாவது ஜீயர். அப்பவும் பஞ்சம். வழக்கத்தை அவர் விடலை. கதவைச் சாத்திண்டு, உள்ளே நின்னு, மூணு தடவை கேட்டார். மெல்லமா."

"யாரும் வரலையா?"

"யாருக்கும் கேட்கலை. மடம் பிழைச்சுது. நீரும் நானும் இன்னைக்கு இங்கே நிக்கறது அந்த நெல்லுல."

"அப்போ விளக்கு?"

"ஒருநாள் கதவைத் திறந்தார். அதுல சாஞ்சு கிடந்தவா உசிரில்லாம உள்ளே சரிஞ்சா. தனக்கு விளக்கு வேண்டாம்னுட்டார்."

தளிகை மணி அடித்தது.

"நீர் சொன்னபடியே ஆகட்டும். இன்னைக்கு நான் வரலை. நீர் போய்க் கேளும்."

ஆராவமுதன் வாசலுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. மறுபக்கம் யாரோ நகத்தால் சுரண்டினார்கள். உள்ளே அவர் மகள் இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்வாமி, எவ்வளவு சத்தமா கேட்கணும்?"

"பசி காதை அடைக்கும், ஓய். அதை மனசுல வச்சுண்டு கேளும்."