வெறும் கையோடு வந்த உத்தரவு

கருவேலங்குறிச்சிப் பாளையத்தை ஆண்ட சூரப்ப நாயக்கருக்குப் போர் என்றால் பயமில்லை, புலி என்றால் பயமில்லை. கையில் புகையிலை இல்லை என்றால் மட்டும் மனுஷர் ஆடிப்போவார். காலையில் பல் துலக்கியதும் ஒரு துண்டை இடது கன்னத்தில் அடக்குவார். படுக்கப் போகும்போதுதான் துப்புவார். அந்தக் கன்னத்தில் புண் வந்தது. ரசச் சோறுகூட எரிந்தது. அரண்மனை வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: புகையிலையை விட்டால் புண் ஆறும், விடாவிட்டால் தாடையே போகும்.

நாயக்கர் எதையும் ஊரறியச் செய்கிறவர். சபையைக் கூட்டினார். திரைக்குப் பின்னால் ராணி உட்கார்ந்திருக்க, குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். புண் ஆறும்வரை புகையிலையை மட்டுமல்ல, வெற்றிலைப் பெட்டியையே தொடமாட்டாராம். வெற்றிலையைக் கண்டால் நாக்கு புகையிலையைத் தேடுமாம். ஆனால் பெட்டி மட்டும், உள்ளே புகையிலையோடு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். எதிரியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு ஜெயித்தேன் என்றால் அதில் என்ன பெருமை என்று கேட்டார். சபை ஆகா என்றது.

பெட்டியைச் சுமப்பவன் இருளப்பன். ராஜா அவனை அருகில் அழைத்தார். தானே அழுது கேட்டாலும் புகையிலை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் எல்லைக்கு அப்பால் துரத்திவிடுவேன் என்றார். பிறகு, கடைசி முறையாகப் பெட்டியைத் திறந்து, அவன் கையில் ஒரு தாம்பூலம் வைத்தார். அது அந்தப் பாளையத்து வழக்கம். சபையில் ராஜா என்ன உத்தரவு போட்டாலும், அதைச் செய்யப் போகிறவனுக்கு அந்தப் பெட்டியிலிருந்து தன் கையாலேயே தாம்பூலம் கொடுப்பார். கொடுத்தால்தான் அது உத்தரவு. இருளப்பன் பயபக்தியோடு மென்று விழுங்கினான்.

முதல் நாள் ராஜா போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் தம் மன உறுதியைப் பற்றியே பேசினார். மறுநாள் ஏலக்காய் மென்றார், கிராம்பு மென்றார், மீசை நுனியையும் மென்றார். தலை கனத்தது. தூக்கம் பிடிக்கவில்லை. குதிரை கனைத்ததற்குக் குதிரைக்காரனைத் திட்டினார். அதற்கும் மறுநாள் சபையில் வழக்குச் சொல்ல வந்தவர்கள் பேசிக்கொண்டே இருக்க, ராஜா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருளப்பா, ஒரு துண்டு எடு."

"மகாராஜாதானே குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க..."

"அது அன்னிக்குச் சொன்னது. இன்னிக்குக் குடுன்னு சொல்றேன். குடுக்கலேன்னா பொழுது சாயறதுக்குள்ள நீ எல்லையைத் தாண்டியிருக்கணும்."

கொடுத்தாலும் எல்லை, கொடுக்காவிட்டாலும் எல்லை. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். அவளை வண்டியில் ஏற்றவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் அந்தப் புண்ணை நாள்தோறும் கிட்டத்தில் நின்று பார்த்தவன் அவன். கை வரவில்லை. பெட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதான்.

ராஜா எழுந்துவிட்டார். "இவனை எல்லைக்கு அப்பால கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. யார் போறது?"

"நான் போறேன் மகாராஜா" என்று முன்னால் வந்தார் குற்றாலம் பிள்ளை. அரண்மனைக் கடிதங்களையெல்லாம் எழுதுகிறவர் அவர். இருளப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுவரை அவனிடம் ஓசிப் பாக்கு வாங்கித் தின்ற மனுஷர்.

வந்தவர் போகவில்லை. இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

"என்னய்யா?"

"தாம்பூலம், மகாராஜா."

ராஜாவின் கை பழக்கத்தில் பெட்டிப்பக்கம் போயிற்று. திரைக்குப் பின்னால் ராணி லேசாக இருமினாள். கை போன வழியே திரும்பி வந்தது.

"அது இல்லாமலே போம்."

"தாராளமாப் போறேன். ஆனா புகையிலை குடுக்காதேங்கிற உத்தரவு தாம்பூலத்தோட வந்தது. இவன் மென்னு முழுங்கியும் ஆச்சு. இந்த உத்தரவு வெறும் கையோட வருது. தாம்பூல உத்தரவைக் காப்பாத்தினவனை வெறும் கை உத்தரவுக்காக எப்படி வெரட்டுறீங்கன்னு எல்லைக் காவல்காரன் கேட்டா, நான் என்ன பதில் சொல்ல?"

ராஜா பல்லைக் கடித்தார். பெட்டி இல்லாவிட்டால் போகிறது, கடைத்தெருவிலிருந்து வெற்றிலை வாங்கி வரும்படி தளவாய்க்குச் சொன்னார். படை நடத்துகிற தளவாய்க்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். அன்றைக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்தி நின்றார். சபையில் யாரோ சிரிப்பை அடக்க மாட்டாமல் செருமினார்கள்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்த வழக்கத்தையே ஒழிச்சுட்டேன். இனிமே எந்த உத்தரவுக்கும் தாம்பூலம் கிடையாது. பிள்ளை, இப்பவே ஊர் பூரா தண்டோரா போடச் சொல்லும்."

"நல்ல உத்தரவு மகாராஜா. இதோ, இப்பவே போடச் சொல்றேன்" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டு மறுபடியும் இரண்டு கையையும் ஏந்தினார்.

ராஜா அந்தக் கைகளைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு குறும்பும் தெரியவில்லை. அதுதான் அவரைக் கவிழ்த்துவிட்டது. உதட்டோரம் துடித்தது. புண்ணுள்ள கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஆசனத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது, வாய் புகையிலையைக் கேட்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆசை மறுபடி வரும் என்று தெரியும். இந்தத் தடவை தாண்டிவிட்டார், அவ்வளவுதான்.

"டேய் இருளப்பா" என்றார் தழைந்த குரலில், "நாளைக்கும் கேப்பேன். நாளைக்கும் குடுக்காதே. இன்னிக்கு நீ குடுத்திருந்தா நான் கெட்டிருப்பேன்டா."

இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளையோ மறுநாளோ பிறக்கப்போகிற குழந்தையை வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று நினைத்தபோது மறுபடி அழுகை வந்தது.

ராஜா குற்றாலம் பிள்ளையின் பக்கம் திரும்பினார். இப்படி ஒரு சாமர்த்தியத்துக்கு வெறும் பாராட்டு போதாது, ஒரு ஜோடி தங்கக் காப்பு தருகிறேன் என்றார். பிள்ளை அடக்கமாகத் தலைகுனிந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"இருளப்பா, பொக்கிஷத்துக்குப் போய் நான் சொன்னேன்னு காப்பை வாங்கிட்டு வா."

"உத்தரவு மகாராஜா" என்றான் இருளப்பன். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு, இரண்டு கையையும் ஏந்தி நின்றான்.