விரதக்காரர் காய்ச்சிய கம்பங்கஞ்சி

கண்மாய்க்கரை மடத்தில் பால்வண்ணம்தான் வயதில் மூத்த சீடர். குருவான உலகம்மாளைவிடவே பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

மடத்துக்கு வருவதற்கு முன் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒருநாள் காலை, சாப்பிட உட்கார்ந்த மகன் தாணுவைப் பார்த்து, "என் சோத்தத் தின்னுக்கிட்டே என்னை எதுத்துப் பேசுதியா?" என்று கேட்டுவிட்டார். அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை. எந்த ஊரில் இருக்கிறான் என்றும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பால்வண்ணமும் காலைச் சாப்பாட்டை விட்டார். மகன் வருகிறவரை உச்சிப்பொழுதுக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று சாமி முன் நின்று நேர்ந்துகொண்டார். ஊர் அவரை விரதக்காரர் என்றது. அப்படிக் கூப்பிடுவது அவர் காதுக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் உலகம்மாளிடம் கேட்டார்.

"இந்த விரதம் என்னைக்கும்மா பலிக்கும்?"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நாங்க திருவிழாவுக்குப் போயிட்டு வார வரைக்கும் காலைக் கஞ்சிய நீங்க காய்ச்சுங்க, அண்ணாச்சி."

கேட்டதற்கு இதுவா பதில் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் அவளும் மற்ற சீடர்களும் புறப்பட்டுப் போனார்கள்.

செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் மடத்து வாசலில் நின்று கம்பங்கஞ்சி குடித்துவிட்டுப் போவது வழக்கம். வெயில் ஏறக் கல் சுமக்கிறவர்களுக்கு வயிற்றில் அதுதான் தாங்கும். காய்ச்சுவதும் பெரிய வித்தை இல்லை. கம்பு மாவைக் கரைத்துக் கொதிக்கிற உலையில் ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, இறக்கி ஆறவிட்டு, மோரும் உப்பும் சேர்த்தால் முடிந்தது. தொட்டுக்கொள்ள வெங்காயம்.

ஜவுளிக்கடைக்காரர் அதை இன்னும் சுலபமாக்கினார். அன்றாடம் கம்பு இடிப்பானேன்? மொத்தக் கம்பையும் மில்லில் கொடுத்து அரைத்து டின்னில் அடைத்து வைத்துக்கொண்டார். அரிசிச் சோறு தின்றே வளர்ந்தவர். கம்பு மாவு சில நாளிலேயே கசந்துபோகும் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, ஆவியை முகர்ந்தாலும் விரதம் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கிண்டினார். பார்த்தவர்களுக்குக் கைகூப்பத் தோன்றியது.

நாள் போகப்போக வரிசை குறைந்தது. வந்தவர்களும் போணிச் செம்பில் கஞ்சியை வாங்கிக்கொண்டு கருவேல மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"எல்லாருக்கும் டீக்கடை வடை ருசி கண்டுபோச்சு," என்று பால்வண்ணம் அலுத்துக்கொண்டார்.

உலகம்மாள் ஊர் திரும்பிய மறுநாள் காலை, வரிசையின் கடைசியில் ஒரு போணியோடு நின்றாள்.

"நீங்க எதுக்கும்மா வரிசையில?"

"பசிக்குது. ஊத்துங்க."

ஊற்றினார். நின்றபடியே குடித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போணியை மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

அதையும் குடித்தாள். சூளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை அவள் நீட்டியபோது, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற மாடத்தி ஓடிவந்து போணியைக் கையால் மூடினாள்.

"போதும்மா. வயித்தப் பெரட்டும்."

"ஏன்?"

"கசக்குல்லா."

"அப்ப நீ எப்படிக் குடிக்க?"

"பிள்ளைக்குப் பால் வேணும்லா. மூச்ச அடக்கிக்கிட்டுக் குடிச்சிருவேன்."

பால்வண்ணத்தின் அகப்பை பானைக்கு மேலேயே நின்றது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கருவேல மரத்து மூட்டில் கொட்டிக்கிடந்த கஞ்சியில் ஈ மொய்ப்பது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, தாயி?"

"பெத்த மகனுக்காகப் பட்டினி கெடக்குற மனுசன் நீங்க," என்றாள் மாடத்தி. "உங்க கையால ஊத்துறதக் கசக்குதுன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுதிய?"

சூளையில் சங்கு ஊதினார்கள். எல்லோரும் போனார்கள். மாடத்தியும் வாங்கிய கஞ்சியை வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு போனாள்.

பால்வண்ணம் மூக்குத் துண்டை அவிழ்த்தார். பானையில் குனிந்தார். காறல் நெடி குப்பென்று ஏறியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் இதையா ஊற்றினோம்?

உலகம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போய், கடன் வாங்கிய புதுக் கம்போடு வந்தாள். தண்ணீர் தெளித்து உரலில் கொட்டினாள்.

"இடிங்க, அண்ணாச்சி. சூளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவோம்."

இடித்தார். அவள் உமி புடைத்துக் குறுணையாகத் திரித்தாள். அடுப்பை மூட்டினார்கள். துண்டு தோளிலேயே கிடக்க, பால்வண்ணம் கிண்டினார். கஞ்சி வெந்து ஆறியதும் அவள் மோர் ஊற்றிக் கலக்கினாள். உப்புப் போட்டாள். அகப்பையில் கொஞ்சம் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கைய நீட்டுங்க. உப்பு சரியா இருக்கா பாருங்க."

அவர் உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. கை வாய்வரை போய் நின்றது. வெயில் இப்போதுதான் வேலியைத் தாண்டியிருந்தது, உச்சிப்பொழுது எங்கோ இருந்தது.

"என்ன, அண்ணாச்சி?"

"இத நாக்குல வச்சா தாணு வராமலே போயிருவானோன்னு பயமா இருக்கும்மா."

உலகம்மாளுக்குக் கண் கலங்கியது. அகப்பையைப் பானைமேல் வைத்துவிட்டு, அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தாணு எந்த ஊர்ல கெடக்கானோ. இந்நேரம் அவனும் யார் வாசல்லயோ கஞ்சிக்கு நிப்பான். அங்க துடுப்பு போடுற ஆளு ருசி பாக்காத விரதக்காரரா இருந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, நாக்குல வைங்க."