சொந்தப் பல்

"எந்த பேஸ் கிதாரை வாங்கட்டும், டீச்சர்?" என்று கேட்டார் ஞானதுரை.

"பல்லெல்லாம் சொந்தப் பல்தானே?" என்றாள் ஷெர்லி.

டீச்சருக்கு இருபத்தாறு வயது. கச்சேரிக் குழுவில் அடிநாதம் கொடுக்கும் பேஸ் வாசிப்பவள். மாணவருக்கு அறுபத்தொன்று.

முப்பது வருஷம் நூற்பாலை இரைச்சலில் நின்றவர். காதோரம் யானை பிளிறினால், "யாருக்கோ இருமல்" என்பார்.

அதனால் சர்ச் பாடகர் குழுவில் அவர் குரல் சுருதியை விட்டு விலகியது. குழுத் தலைவர் பாக்கியநாதன் சபையார் உட்காரும் பெஞ்சைக் காட்டினார்.

"நான் இனிப் பாடலை. பேஸ் வாசிக்கேன்" என்று கெஞ்சினார் ஞானதுரை.

"ஒரு மாசம். ஒரு பாட்டு. தப்பினா பெஞ்சுதான், அண்ணாச்சி."

கடையில் ஐந்து கிதார் தொங்கின. ஷெர்லி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

"கிதார் கட்டையோட மேல் கொம்பைக் கடிச்சுக்கிட்டு, தடிச்ச கம்பியைத் தட்டுங்க."

கடித்தார்.

கடைக்காரர் அலறினார்: "அண்ணாச்சி, இது கரும்புக் கடை இல்ல!"

மூன்று கிதார் வெறும் கட்டை. நாலாவது, பெயின்ட் உரிந்தது. தட்டினார். பல்லில் ஏறிய அதிர்வு மண்டையைச் சுற்றிக் குதிகாலில் இறங்கியது. செருப்பு வாரே அறுந்துவிட்டது.

"இதுதான்" என்றார், வாயை எடுக்காமலே.

முதல் பாடத்தில் அவர் காதில் பஞ்சை அடைத்தாள்.

"இருக்கிற அரைக் காதையும் அடைக்கியே, தாயி!"

"அது பொய் சொல்லுது."

மாசம் முடிந்து அந்த ஞாயிறு வந்தது. பெஞ்சில் அவருக்கென்று விட்டிருந்த இடத்தில் ஷெர்லி போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு மூன்றாம் சரணத்தில் இருந்தபோது கரண்ட் போனது.

கீபோர்டு செத்தது. பாதிப் பேர் ஒரு வரியில், மீதிப் பேர் அடுத்த வரியில் தடுமாறி நின்றார்கள். சபை திரும்பிப் பார்த்தது. பாக்கியநாதனின் கை அந்தரத்தில் நின்றது.

ஞானதுரை கண்ணை மூடியிருந்தார். காதில் பஞ்சு. பல் கட்டையில். விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சத்தம் இல்லை.

பாக்கியநாதன் அந்த விரல்களையே பார்த்தார். அவர் கை மெல்ல அவற்றோடு அசைய ஆரம்பித்தது. உதட்டுக்குள் எண்ணினார்.

ஒரு சரணம் முழுக்க அப்படியே போனது.

கரண்ட் வந்தது. பேஸ் முழங்கியது. பாக்கியநாதனின் கை இறங்கிய அதே தாளத்தில். குழு தாவி ஏறிக்கொண்டது.

பாட்டு முடிந்ததும் பாக்கியநாதனே வந்து பஞ்சை எடுத்தார்.

"கரண்ட் போனப்போ உங்களுக்குப் பயமா இல்லையா, அண்ணாச்சி?"

ஞானதுரை நிமிர்ந்து, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"போச்சா?"