தேன்மெழுகைக் கடித்த திருடன்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வீரகண்டர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருவரை நம்பிவிட்டாலோ, கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அப்படி அவர் நம்பிய ஆள் தந்தவித்தகர் பூதலிங்கம்.

தந்தவித்தகர் என்றால் பல்தடம் பார்க்கிறவர். அரண்மனைப் பண்டத்தை யாராவது திருட்டுத்தனமாகக் கடித்துவிட்டால், சந்தேகப்பட்ட ஆளைத் தேன்மெழுகுக் கட்டியில் கடிக்கச் சொல்வார். இரண்டு தடத்தையும் பக்கத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அச்சு அசல்! பல் பொய் சொல்லாது!" என்பார். தீர்ந்தது கதை. திருடித் தின்றவனுக்கு அந்த நாட்டில் தண்டனை, வாயில் உள்ள பல் அத்தனையையும் பிடுங்குவது! இந்த மனுஷர் ஒருதரம்கூடப் பொருந்தவில்லை என்று சொன்னதே கிடையாது. அது எப்படி என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

அந்த வருஷம் ராஜா ஆசையாய் நட்ட மாமரம் முதன்முதலாய் ஒரே ஒரு பழம் பழுத்தது. அம்மனுக்குப் படைக்கவேண்டும் என்று காவல் போட்டிருந்தார். விடிந்து பார்த்தால், பழத்தில் ஒரு கடி!

மரத்தடியில் நாகசுரம் பழகிக்கொண்டிருந்த தெய்வச்சிலை என்பவனைக் காவலர்கள் இழுத்துவந்தார்கள். வித்தகர் சபைக்குள் நுழைந்ததும் கேட்டது இதுதான்: "யார்மேல் சந்தேகம்?"

"இவன்மேலதான் ஐயா."

தெய்வச்சிலை மெழுகைக் கடித்தான். வித்தகர் கண்ணைச் சுருக்கினார். "அச்சு அசல்!"

"பிடுங்குங்கடா!" என்றார் ராஜா.

தெய்வச்சிலை தடாலென்று காலில் விழுந்தான். "மகாராஜா, பழத்தை நான் தொடவே இல்லை! கசையடி கொடுங்க, வாங்கிக்கறேன். பல்லை மட்டும் விட்டுடுங்க. பல்லு போனா உதடு உள்ளே போயிடும், நாகசுரத்துச் சீவாளி வாயில நிக்காது. வாசிப்பைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது மகாராஜா!"

மந்திரி குழந்தைவேலருக்கு மனசு கேட்கவில்லை. "மகாராஜா, பிடுங்கின பல்லை மறுபடி நட முடியாது. நாளைக்குக் காலையில வித்தகர் இன்னொருதரம் பார்க்கட்டுமே?"

"நூறுதரம் பார்ப்பேன்!" என்று மீசையை முறுக்கினார் வித்தகர்.

மறுநாள் சபையில் ஒரு தட்டு நிறைய மெழுகுக் கட்டிகள். பக்கத்தில் அந்த மாம்பழம். மந்திரி பவ்யமாய்ச் சொன்னார்: "வித்தகரே, இதுல தெய்வச்சிலை கடிச்ச கட்டியும் இருக்கு, மத்ததும் இருக்கு. பழத்தோட பொருந்துறதை எடுத்துக் கொடுங்க."

வித்தகர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். நெற்றி வியர்த்துவிட்டது. "இதில் தெய்வச்சிலையுடையது எது?"

"அதைத்தானே நீங்க சொல்லணும்?"

"ஆள் யாரென்று சொல்லாமல் தடம் பார்ப்பது எப்படி? அது சாஸ்திர விரோதம்!"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் புருவம் ஏறியது.

"சரி, கோவிச்சுக்காதீங்க," என்றார் மந்திரி. "அந்த ஓரத்துக் கட்டியைப் பத்தி மட்டும் சொல்றேன். மடைப்பள்ளியிலேயே கிடக்கிற ஆசாமி. கையில அகப்பட்டதை எல்லாம் சுரண்டாம விடமாட்டான்."

வித்தகர் பாய்ந்து அதை எடுத்தார். "ஆகா! அச்சு அசல்! கூரான பல், அகன்ற வாய், பேராசைக்காரன்! இவனேதான் மகாராஜா!"

"நேத்து தெய்வச்சிலைன்னு சொன்னீரே?"

"நேற்று வெளிச்சம் போதவில்லை மகாராஜா."

"அந்தத் திருட்டுப் பயலைக் கொண்டாங்க!" என்று ராஜா கர்ஜித்தார்.

மந்திரி கைதட்டினார். மடைப்பள்ளிக்காரி ஒரு தேங்காய்த் துருவியைக் கொண்டுவந்து சபை நடுவில் வைத்தாள். மெழுகில் அழுத்திய துருவல் பல்லில் இன்னும் தேன்மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆசாமி இவர்தான் மகாராஜா. பல்லைப் பிடுங்கச் சொல்லட்டுமா?"

அவ்வளவுதான், சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வித்தகரின் மீசை தொங்கிப்போனது. ராஜாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்போ பழத்தைக் கடிச்சது யாரு?" என்றார்.

"தெரியலை மகாராஜா. அணிலோ, வௌவாலோ, மனுஷனோ, இந்தத் தடத்தை வச்சு என்னால சொல்ல முடியாது. தெரியலைன்னா தெய்வச்சிலையை விட்டுடணும்."

"விட்டாச்சு! வித்தகரே, இனிமே உம்மகிட்ட யாரும் பேர் சொல்லமாட்டாங்க. தடத்தை மட்டும் பாரும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும். எங்கே, ஒருதரம் சொல்லும் பார்ப்போம்!"

"தெ... தெ..." வித்தகருக்கு அந்த வார்த்தை வாயில் வரவே மாட்டேன் என்றது. சபை விடவில்லை. கடைசியில் முனகினார்: "தெரியவில்லை, மகாராஜா."

தெய்வச்சிலைக்கும் மந்திரிக்கும் பட்டு போர்த்தினார் ராஜா. அப்போதுதான், தூண் ஓரமாய் நின்று பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்த விளக்குக்காரன் மருதையன் அவர் கண்ணில் பட்டான். முந்திய தீபாவளிக்கு, யாரோ கடித்துவைத்த அதிரசத்துக்காக, வித்தகர் சொல்லால் பல்லைப் பறிகொடுத்தவன். ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது. சிங்காசனத்தை விட்டு இறங்கிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"மருதையா, தப்புப் பண்ணிட்டேன். என்ன வேணும் கேளு. நிலமா, பொன்னா?"

"அதெல்லாம் வேணாம் மகாராஜா. நான் கடிக்கலைன்னு என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ இன்னும் என்னைத் திருடன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கா."

அன்றைக்கே ராஜா அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். "அம்மா, உன் புருஷன் திருடன் இல்லை," என்றார்.

பொன்னுத்தாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள், அழுதுவிட்டாள். "படிச்ச பெரிய மனுஷர் பார்த்துச் சொன்னாரேன்னு நம்பிட்டேன் மகாராஜா," என்றாள்.

"நானும் அப்படித்தாம்மா நம்பினேன்," என்றார் ராஜா.