பண்டசாலை வாசலில் கரண்டிகள்

கொன்றைமாநகர் அரண்மனைப் பண்டசாலைக்கு மாவலிராயர் அதிகாரி. இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு, அதையே கிரீடமாக நினைத்துத் திரியும் மனிதர். அரசு வைத்தியசாலைக்கு வேண்டிய துணி, எண்ணெய், கஞ்சிக்கு நொய் எல்லாம் அவர் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அந்தப் புண்ணியவான் ஒருநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, வைத்தியசாலைப் பணிப்பெண்கள் தண்டச் சம்பளம் வாங்குகிறார்கள்! நோயாளி பக்கத்தில் ஒருத்தியும் இருப்பதில்லை. எப்போது பார்த்தாலும் என் பண்டசாலை வாசலில் அரட்டை. பாதிப் பேரை அனுப்பிவிடலாம்!"

யாராவது உரக்கப் பேசினால் உடனே நம்பிவிடுவார் மகாராஜா வீரகேசரி. "அப்படியே ஆகட்டும். நாளை மாலை அனுப்பிவிடும்," என்றார்.

பணிப்பெண் பேச்சியம்மை, சபையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன அனந்தப்பனிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, எங்க வயித்துப்பாடு கிடக்கட்டும். படுத்த படுக்கையா கிடக்கிறவங்களை யாரு புரட்டிப் படுக்கவைப்பா? முதுகெல்லாம் புண்ணாயிடுமே! ஒரு முழத் துணிக்கு அந்த வாசல்ல நாங்க தவங்கிடக்கிறது யாருக்குத் தெரியுது?"

அனந்தப்பனுக்கு மனசு கனத்தது. நேரே மகாராஜாவிடம் போனான்.

"மகாராஜா, ராயரின் காவல் அபாரம்! வைத்தியசாலைக்கு மட்டும்தானா அந்தப் பாக்கியம்? சமையல்கட்டுச் சாமான்களையும் நாளை ஒருநாள் அவர் பூட்டுக்குள் வைத்துப் பார்ப்போமே!"

பக்கத்தில் நின்ற ராயருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மகாராஜாவும் சம்மதித்தார்.

மறுநாள் மதியம் மகாராஜா இலை முன் உட்கார்ந்தார். குழம்பில் உப்பில்லை. "இதோ!" என்று ஒருவன் ஓடினான். திரும்பவில்லை. நெய் கேட்டார். இன்னொருவன் ஓடினான். போனவன் போனவன்தான். அப்பளம் பொரிக்க எண்ணெய்க்குப் போனவனையும் காணோம். சோறு ஆறிப்போயிற்று.

"எங்கே போய்த் தொலைந்தார்கள்?" மகாராஜா பசியும் கோபமுமாக எழுந்து நடந்தார். அனந்தப்பன் பின்னாலேயே போனான்.

பண்டசாலை வாசலில் பரிசாரகர்கள் கரண்டியும் கிண்ணமுமாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பேச்சியம்மை, காலி எண்ணெய்க் கிண்ணத்தோடு. மாவலிராயரோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சாவியைத் தலைக்கடியில் வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பினா அன்னிக்கு ஒண்ணும் கிடைக்காதுங்க, மகாராஜா. எங்க பொழுதுல பாதி இந்த வாசல்லதான் போகுது," என்றாள் பேச்சியம்மை.

"ராயரே!"

மகாராஜா போட்ட சத்தத்தில் ராயர் துள்ளி எழுந்தார். சாவி கீழே விழுந்தது.

"வைத்தியசாலைச் சாமான்களெல்லாம் இப்போதே வைத்தியசாலைக்குப் போகட்டும். அங்கே அவற்றின் சாவி பேச்சியம்மையிடம் இருக்கட்டும். பணிப்பெண்கள் ஒருத்தியும் போக வேண்டாம். ராயரே, முதலில் எனக்கு உப்பை எடுத்துக் கொடும்!"

பிறகுதான் மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. தோளிலிருந்த சால்வையை எடுத்து அனந்தப்பனுக்குப் போர்த்தினார். "அடே, இதைச் சொல்ல என்னையா பட்டினி போட்டாய்?"

"என்ன செய்வது மகாராஜா! நோயாளிகள் தினம் இப்படித்தான் காத்துக்கிடக்கிறார்கள். எழுந்து வந்து சத்தம் போட அவர்களுக்குத் தெம்பில்லை. அதனால்தான் நல்ல குரல்வளமுள்ள ஒருவராகப் பார்த்துக் காக்கவைத்தேன்!"