நாலு அடிக் கோட்டில் தண்ணீர்

இரண்டு மாநிலங்களின் எல்லையில், ஆற்றுப் படித்துறையில் ஓர் அளவுகோல் நட்டிருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுத இரண்டு ஆட்கள். கீழ் மாநிலத்துக்கு மாசிலாமணி, மேல் மாநிலத்துக்கு ருத்ரப்பா. பன்னிரண்டு வருஷமாக ஒரே படியில் நின்று, ஒரே கோலைப் பார்த்து, இரண்டு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்ல மழைக்காலத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்!

மழை பொய்த்த வருஷத்துக்கென்று ஓர் ஒப்பந்தம் உண்டு. தொடர்ந்து ஏழு நாள் மட்டம் நாலு அடிக்குக் கீழே இருந்தால் மேலே உள்ள அணையைப் பத்து நாளைக்குத் திறந்தாக வேண்டும். ஏழு நாளும் இருவரும் ஒரே அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியொரு வருஷம், ஆனியில் ஆறு நாள் தகராறில்லாமல் போயிற்று. ஏழாம் நாள் பார்த்து தண்ணீர் லேசாக ஏறிவிட்டது. அலை எழும்பினால் நாலு அடிக் கோட்டுக்கு மேலே, இறங்கினால் கீழே. ருத்ரப்பா நாலே கால் என்றார். மாசிலாமணி மூணே முக்கால் என்றார். இரண்டு பேருமே கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

மாசிலாமணியின் அண்ணன் வயலில் குறுவை நாற்று கருகிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதே கதைதான். வீட்டிலிருந்து விடியுமுன்னே மூன்று போன் வந்துவிட்டது.

நேரே படித்துறை மடத்துக்குப் போனார். அங்கிருந்த சாமிக்கு அவர் பத்து வருஷச் சீடர், அதுவும் சாமியைவிட நாலு வயது மூத்த சீடர். சாமி ஒரு காலத்தில் போர்வெல் லாரியில் ஊர் ஊராகச் சுற்றியவர். தண்ணீர் விஷயத்தில் அவரிடம் கதை விட முடியாது.

"சாமி, ஓடுற தண்ணிக்கு எதுதான் உண்மையான மட்டம்?"

மடத்தில் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. சாமி அங்கே போய், கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை எடுத்து, ஒரு முனையைச் சணலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டார். மாசிலாமணியோடு படித்துறைக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கட்டிய முனை தண்ணீருக்குள் இருக்க, டியூபைக் கோலோடு சேர்த்துப் பிடித்தார்.

வெளியே அலை அடித்தது. டியூபுக்குள் தண்ணீர் மெல்ல ஏறி, அசையாமல் நின்றது. மாசிலாமணியும் ருத்ரப்பாவும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

நாலு அடி, அதற்கு மேல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்.

தான் சொன்ன நாலே காலும் தப்பு என்று ருத்ரப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நூல், வெறும் ஒரு நூல். மாசிலாமணி படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"போச்சு சாமி. எங்களுக்கு இனி உரிமை இல்ல."

"அப்போ இவர்கிட்ட கேளுங்க."

"உரிமை இல்லாம எப்படிக் கேட்கறது?"

"உரிமை இருந்தப்போ நீங்க கேட்டதே இல்லையே. எழுதித்தானே அனுப்பினீங்க."

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ருத்ரப்பாவைப் பார்த்து, உங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று விசாரித்தார். ருத்ரப்பா விரல் விட்டு எண்ணி, நாற்பது நாள் என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், நாற்று எத்தனை நாள் தாங்கும் என்று அவரும் கேட்டார். நாலு நாள் என்றார் மாசிலாமணி. இந்த இரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

இருவர் பதிவேட்டிலும் நாலு அடி ஒரு நூல் என்று ஏறியது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இன்றுவரை யாரும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. ருத்ரப்பா அதில் நாற்றின் கதையை எழுதினார். அதோடு நிற்காமல் அணை இன்ஜினியருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் திட்டு விழுந்தது எல்லோருக்கும் கேட்டது. ருத்ரப்பா பேச்சை விடவில்லை. அரை மணி நேரம் கழித்து, ஐந்து நாளைக்கு ஒரு மதகு மட்டும் திறக்கச் சம்மதம் வந்தது. நாற்று பிழைக்க அது போதும்.

ருத்ரப்பா போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகம் கழுவப் படியிறங்கினார்.

மாசிலாமணி சாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

"கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லையே சாமி. பின்ன எதுக்குத் திட்டு வாங்கிக்கிட்டு இதைச் செய்தார்?"

சாமி டியூபிலிருந்த தண்ணீரை ஆற்றில் கொட்டினார்.

"அதையும் அவர்கிட்டயே கேளுங்க."